மாடி அறையின் சுவிட்ச்

கல்லூரி திறந்தால்தான் அந்தத் தெருவில் அடுப்பெரியும். மாடி இருந்தவர்கள் எல்லோரும் அதை மாணவர்களுக்கு வாடகைக்கு விட்டிருந்தார்கள்.

வீட்டுக்காரியின் மாடியில் இருந்த பையன் போன வாரம் காய்ச்சலில் இறந்துபோனான். அவனுடைய பெட்டி படுக்கையை எடுத்துப்போக அவன் அம்மா வந்திருந்தார். அறையைக் காலி செய்த பிறகு வீட்டுக்காரி அங்கிருந்த சுவிட்சைத் தட்டித் தண்ணீர் மோட்டரைப் போட்டாள். கதவைப் பூட்டிக்கொண்டு இருவரும் கூடத்துக்கு இறங்கி வந்தார்கள்.

“உடம்பு முடியலைன்னு உங்ககிட்ட ஏதாவது சொன்னானாம்மா?”

எங்கே தன் தலையில் விழுமோ என்று வீட்டுக்காரிக்குப் பயம். “அவன்கிட்ட நான் பேசினதே இல்லைங்க. வருவான், போவான், அவ்வளவுதான்.”

அந்த அம்மா தலையை ஆட்டிக்கொண்டார்.

மேலே தொட்டி நிரம்பித் தண்ணீர் வாசலில் கொட்டியது.

“தம்பி, மோட்டர நிறுத்துப்பா,” என்று தினமும் கத்துவதைப் போலவே மாடியைப் பார்த்துக் கத்திவிட்டாள் வீட்டுக்காரி. கத்திய பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

“நிறுத்திட்டேன்க்கா,” என்று மேலிருந்து இருமலோடு பதில் வந்தது.

மோட்டர் நின்றது. அறைச் சாவி அவள் இடுப்பில்தான் இருந்தது.

அந்த அம்மா மாடிப் பக்கம் திரும்பவே இல்லை. வீட்டுக்காரியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.