ஐந்து மணி வரை ஓட்டு

டிங்! டிங்! வீட்டிலிருந்த கைபேசிகள் எல்லாம் ஒன்றாக அலறின.

"என் தங்கச்சி கம்ப்யூட்டருக்குப் போட்டுட்டா!" என்று துள்ளினார் அப்பா.

"எங்க அண்ணன் வணிகத்துக்குப் போட்டுட்டாரு. சமம்!" என்றாள் அம்மா.

மகளைக் கல்லூரியில் எதில் சேர்ப்பது என்று இருவருக்கும் ஒரு மாதமாகச் சண்டை. அவளுக்கோ புரோகிராம் எழுதவும் பிடிக்கும், வியாபாரமும் பிடிக்கும். "சொந்தக்காரங்க ஓட்டுப் போட்டுச் சொல்லட்டும்" என்று அவளே ஒரு செயலி எழுதி, காலையில் எல்லோருக்கும் அனுப்பியிருந்தாள். யாரும் எத்தனை ஓட்டு வேண்டுமானாலும் போடலாம். ஒவ்வொரு ஓட்டுக்கும் முன்னால் சித்தப்பாவின் குடைக்கடை விளம்பரம் ஓடும்.

அப்பா நாற்பது ஓட்டுப் போட்டார். விளம்பரப் பாட்டை முணுமுணுத்தபடியே அம்மா நாற்பத்தொன்று போட்டாள்.

"கள்ள ஓட்டு!"

"நீங்க போட்டது மட்டும் நல்ல ஓட்டாக்கும்?"

ஐந்து மணி அடிக்க ஒரு நிமிடம். மறுபடியும் சமம். அப்போது சித்தப்பா மூச்சிரைக்க ஓடி வந்தார்.

"அண்ணா! கொளுத்துற வெயில்ல கடையில ஒரு குடை மிச்சமில்ல! நம்ம சொந்தம் பூரா கடை வாசல்ல நிக்குது!"

"குடையை விடுடா! சீக்கிரம் ஒரு ஓட்டுப் போடு. என் பொண்ணு எதுல சேரணும்?"

மகள் மெல்லக் கதவுப் பக்கம் நகர்ந்தாள். சித்தப்பா திருதிருவென விழித்தார்.

"ரெண்டும் சேர்ந்த படிப்புல போன வாரமே நான்தானே கூட்டிட்டுப் போய்ச் சேர்த்துவிட்டேன்! அதுக்குப் பதிலாத்தானே அண்ணா, அவ என் கடைக்கு இந்த ஓட்டு விளம்பரத்தைச் செஞ்சு குடுத்தா?"