மூன்று எண்ணிய பிறகு

மின்னல் இரண்டாவது தடவையாக முரடனின் கையை அமுக்கினான். முரடன் திருப்பி அமுக்கவில்லை.

நடுவர் மூன்று எண்ணி முடித்துவிட்டார். மணியும் அடித்தாயிற்று. வாடகைக்கு எடுத்த பூப்பந்து அரங்கத்தில், பிளாஸ்டிக் நாற்காலிகளை விட்டு எழுந்து ஜனங்கள் கை தட்டிக்கொண்டிருந்தார்கள். ஜெயித்தவன் எழுந்து இரண்டு கைகளையும் தூக்க வேண்டிய நேரம்.

மின்னல் எழவில்லை.

ரெஸ்லிங் மேடையில் இந்தக் கை அமுக்கலைத் தவிர மற்றதெல்லாம் முன்கூட்டியே பேசி வைத்தது. அடி, வலி, பகை, யார் எப்போது விழுவது என்பது வரை. மேலே பாய்ந்தவன், கீழே கிடப்பவனின் கையை யார் கண்ணிலும் படாமல் ஒரு தடவை அமுக்குவான். அடிபட்டுவிட்டதா என்று கேட்கிறான். கீழே கிடப்பவன் திருப்பி அமுக்கினால், எனக்கு ஒன்றுமில்லை, நீ உன் வேலையைப் பார் என்று அர்த்தம்.

அதில் மட்டும் யாரும் பொய் சொல்ல மாட்டார்கள்.

முரடன் அந்த நாட்டின் ஒரே ரெஸ்லிங் கம்பெனியின் ஒரே வில்லன். நாடு சின்னது. மேடையில் கெட்டவனாக இருப்பவன் மறுநாள் பேருந்தில் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றால் அடுத்த சண்டைக்கு எவன் டிக்கெட் வாங்குவான் என்பது முதலாளியின் கட்சி. அதனால் வில்லன் வெளியில் யாரோடும் சிரிக்கக் கூடாது, மின்னலோடு சேர்ந்து நடக்கவே கூடாது என்று ஆரம்பத்தில் ஒரு சட்டம் போட்டார்.

போட்ட முதலாளியே அதை மறந்துபோனார். முரடன் மறக்கவில்லை. தொழில் என்றால் தொழில்தான்.

முடிவெட்டும் கடையிலும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் உட்காருவான். எதிர்வீட்டு அம்மாள் வணக்கம் சொல்லிச் சொல்லிப் பார்த்துவிட்டு, போடா என்று விட்டுவிட்டாள். ஒரு தடவை கல்யாணப் பேச்சு வந்தது. பெண்ணின் தம்பி ரெஸ்லிங் பார்க்கிறவனாம். அதோடு சரி.

பகலில் அவனுக்கு வேலை ஓட்டல் விரிப்புகளை வெளுக்கும் சலவை நிலையத்தில். இயந்திரங்கள் போடும் இரைச்சலில் அங்கே யாரும் யாரோடும் பேச முடியாது. முதலில் அது தோதாக இருந்தது. பிறகு, ஞாயிற்றுக்கிழமைகளில் தன் குரல் எப்படி இருக்கும் என்று பார்க்க அறைக்குள் சும்மா இருமிப் பார்க்க வேண்டியிருந்தது.

மாதத்துக்கு ஒரு சண்டை. மாதத்துக்கு ஒரு தடவை ஒரு கை அவனிடம் நலம் விசாரித்தது.

மின்னலை இப்போது வெளிநாட்டுக் கம்பெனி ஒன்று எடுத்துக்கொண்டுவிட்டது. நாளை விமானம். போன வாரம் ஒரு பத்திரிகைக்காரர் வந்து, நம் நாட்டு ரெஸ்லிங்குக்கு எதிர்காலம் இருக்கிறதா என்று கேட்டார். முதலாளி மின்னலின் தோளில் கையைப் போட்டுக்கொண்டு, இவன் அங்கே போய் ஜெயித்தால் போதும், இங்கே பையன்கள் வரிசையில் வந்து நிற்பார்கள் என்றார். பின்னால் நின்று மேடைக் கயிற்றைச் சுற்றிக்கொண்டிருந்த முரடனுக்கும் அப்படித்தான் தோன்றியது. பெருமையாகக்கூட இருந்தது.

அந்தப் பையன்கள் வந்து சேரும் வரை சண்டை கிடையாது என்று பிறகுதான் சொன்னார்கள்.

மின்னல் மூன்றாவது தடவையும் அமுக்கினான். பதில் இல்லை.

கைதட்டல் அங்கங்கே நின்று, பிறகு மொத்தமாக அடங்கியது. மின்னல் மண்டியிட்டு, முரடனின் கையை இரண்டு கைகளுக்குள்ளும் வைத்துக்கொண்டான். ஜென்மப் பகையாளியை எல்லோர் காதிலும் விழும்படி கூப்பிட்டான்.

"அண்ணே, விளையாடாதீங்கண்ணே. கைய அமுக்குங்க."

முதல் வரிசையில் உட்கார்ந்து ஒவ்வொரு சண்டையிலும் முரடனின் ஏழு தலைமுறையையும் இழுத்துத் திட்டும் தடித்த மனிதர், டாக்டர் யாராவது இருக்கிறீர்களா என்று கூட்டத்தைப் பார்த்துக் கேட்டார். யாரோ ஸ்ட்ரெச்சருக்கு ஓடினார்கள்.

முரடனுக்கு எங்கும் அடிபடவில்லை.

சொல்லப்போனால், இவ்வளவு சுத்தமாக அவன் விழுந்ததே கிடையாது. கண்ணை மூடிக்கொண்டு கிடந்தான். அமுக்கினால் மின்னல் கையை விட்டுவிடுவான். அவ்வளவுதான் விஷயம். இன்னும் கொஞ்ச நேரம் என்று நினைத்தான். அந்தக் கை சூடாக இருந்தது, வியர்த்திருந்தது.

மின்னல் அவன் காதருகே குனிந்தான். அழுதுகொண்டிருந்தான்.

"நான் எங்கயும் போகலண்ணே. உங்கள இப்படிப் போட்டுட்டு நான் போகமாட்டேன்."

முரடன் அதை ஒரு தடவை முழுதாகக் கேட்டுக்கொண்டான். அப்படி ஒருவர் தன்னிடம் சொல்வார் என்று அவன் நினைத்ததில்லை.

பிறகு அமுக்கினான். எனக்கு ஒன்றுமில்லை, நீ உன் வேலையைப் பார்.

மின்னல் அதை நம்பினான். நம்பாமல் எப்படி இருப்பான். கையை விட்டுவிட்டு எழுந்தான்.

முரடன் கயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுந்து, கூட்டத்தைப் பார்த்து வழக்கம்போல் பல்லைக் கடித்தான். முதல் வரிசை மனிதர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, நிம்மதியாகத் திட்டத் தொடங்கினார்.