நீல வயர்

வாசலை அடைத்துக்கொண்டு ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல். அதன் மேல் ஓரம் உடைந்த பழைய லேப்டாப். அதிலிருந்து ஒரு நீல வயர் மாடிப்படிக் கம்பியைச் சுற்றிக்கொண்டு மூன்றாவது மாடிவரை ஏறிப் போயிருந்தது.

காய்கறிப் பையோடு வந்த மைதிலிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மூன்றாவது மாடி என்றால் அந்த ஐ.டி. பையன் கோகுல்நாத். கல்யாணமாகாத நாலு பேர் சேர்ந்து தங்கியிருக்கும் வீடு.

அம்பத்தூரில் அவர்கள் தெருவில் கால்வாய் தோண்டியதில் மூன்று நாளாக இன்டர்நெட் செத்துக் கிடந்தது. தரைத்தள வீட்டுக்குள் மொபைல் சிக்னலும் ஒழுங்காக வராது. மகள் வர்ஷாவுக்கோ இன்று பத்து மணிக்கு ஆன்லைனில் இன்டர்வியூ. ஒன்றரை வருஷமாக வேலை தேடி, இந்த ஒன்றில்தான் கடைசி ரவுண்டு வரை வந்திருக்கிறாள்.

கோகுல்நாத்துடையது வேறு கம்பெனி லைன். அது மட்டும் ஜோராக ஓடியது. நேற்று மைதிலியே மூன்று மாடி ஏறி, கௌரவத்தை விட்டு, பாஸ்வேர்டு கேட்டாள். "கொடுத்தாலும் பிரயோஜனமில்ல ஆன்ட்டி" என்றான், காதில் மாட்டியிருந்த ஹெட்போனைக்கூடக் கழற்றாமல். பசங்க தங்கியிருக்கும் வீட்டில் மகளைக் கொண்டுபோய் உட்கார வைக்கவும் அவளுக்கு மனசு வரவில்லை.

மணி பத்தே கால். உள்ளே பெட்ரூமில் வர்ஷா இங்கிலீஷில் பேசும் சத்தம் கேட்டது. எப்படியோ மொபைலில் சிக்னல் கிடைத்துவிட்டது போலிருக்கிறது.

'கொடுக்க மனசில்லாதவன் கடை விரிக்க என் வாசல்தான் கிடைச்சுதா?'

வயரைப் பிடித்து வெடுக்கென்று இழுத்தாள். பிளக் தெறித்து வந்தது.

உள்ளே பேச்சு நின்றது. "அம்மா, நெட் போச்சு. கோகுல் அண்ணாவைக் கூப்பிடு" என்று கதவுக்குப் பின்னாலிருந்து வர்ஷா அலறினாள். "மேல இருக்கிற வைஃபை நம்ம வீட்டுக்கு எட்டாதாம். வயர்ல நெட்டை இறக்கி, அவரோட லினக்ஸ் லேப்டாப் வழியா நமக்கு வைஃபையா விட்டிருக்காரும்மா. நீ கடைக்குப் போனப்ப வந்து வச்சாரு."



கூப்பிட வேண்டியிருக்கவில்லை. இரண்டிரண்டு படியாகத் தாவி இறங்கி வந்தான் கோகுல்நாத். அவள் கையிலிருந்த வயரைப் பார்த்தான். வாங்கிச் செருகினான். பிளக் நிற்கவில்லை; இழுத்த வேகத்தில் அதன் கொக்கி உடைந்திருந்தது. கட்டைவிரலால் அழுத்திப் பிடித்தான்.

"ஸாரி சார், லைன் கட்டாயிடுச்சு" என்று உள்ளே வர்ஷாவின் குரல் மறுபடி எழுந்தது.

விரலை எடுத்தால் போய்விடும். படியில் ஒருக்களித்து உட்கார்ந்தான், நாற்பது நிமிஷம். பாக்கெட்டில் அவன் போன் மூன்று தடவை அடித்து ஓய்ந்தது. ஆபீஸாகத்தான் இருக்கும்.

"நான் பிடிக்கட்டுமா தம்பி?"

"வேணாம் ஆன்ட்டி. கொஞ்சம் அசைஞ்சாலும் கட்டாயிடும்."

 மைதிலி கோயிலில் நிற்பதுபோல் நின்றாள். பையைக் கீழே வைக்கக்கூடத் தோன்றவில்லை.

கதவு திறந்தது. வர்ஷாவுக்கு அழுகையும் சிரிப்புமாக மூச்சு வாங்கியது. "எடுத்துட்டாங்கம்மா. திங்கட்கிழமை ஆர்டர் வருதாம்." பிறகு அவன் பக்கம் திரும்பினாள். "நடுவுல என்னண்ணா ஆச்சு? என் உயிரே போயிடுச்சு."

மைதிலி தலையைக் குனிந்துகொண்டாள்.

சிவந்துபோன கட்டைவிரலை உதறியபடி எழுந்தான் கோகுல்நாத்.

"சாரிம்மா. படியில கால் தடுக்கி நான்தான் வயரை இழுத்துட்டேன்."