குதிரை மறந்துபோன ஒன்று

சுல்தான் கடற்கரையில் பிள்ளைகளைச் சவாரி ஏற்றும் குதிரை. பிஸ்தா மாலைதோறும் காரில் வந்து இறங்கி மணலில் படுத்துக்கொள்ளும் நாய். இப்படியே பெருத்தால் இதயம் தாங்காது என்று டாக்டர் சொன்னதிலிருந்து அதற்குப் பயம் பிடித்துக்கொண்டது.

"அண்ணே, உங்க உடம்பு மட்டும் எப்படி இவ்வளவு கச்சிதமா இருக்கு? என்ன சாப்பிடுறீங்க?" என்று கேட்டது.

முதுகில் பிள்ளை இருந்ததால் சுல்தானுக்கு நிற்க நேரமில்லை. "ஊறவச்ச கொள்ளு" என்று சொல்லிக்கொண்டே போனது. திரும்பி வரும்போது, "நிறைய தண்ணி" என்றது. அடுத்த நடையில், "இருட்டினா தூக்கம், அவ்வளவுதான் தம்பி" என்றது.

பிஸ்தா பிஸ்கட்டை ஒதுக்கிவிட்டுக் கொள்ளுக்கு அடம்பிடித்தது. தண்ணீர் குடித்தது. இருட்டும் முன்பே தூங்கியது. ஒரு மாதமாகியும் வயிறு அப்படியே இருந்தது.

"எதையோ மறைக்கிறீங்க அண்ணே!"

"சத்தியமா இல்லப்பா. ஏதாவது மறந்திருப்பேன். ஞாபகம் வந்ததும் சொல்றேன்" என்று சுல்தான் நகர்ந்தது.

ஞாபகம் வரும் நேரத்தில் பக்கத்தில் இல்லாவிட்டால்? பிஸ்தா தட்டுத்தடுமாறி எழுந்து, மூச்சிரைக்கப் பின்னாலேயே போனது. இரண்டும் கலங்கரை விளக்கம் வரை போய்த் திரும்பின. சுல்தானுக்கு ஒன்றும் நினைவு வரவில்லை.

மறுநாளும் வரவில்லை. மழைக்காலம் முடிந்து பொங்கலும் வந்துவிட்டது. கழுத்துப் பட்டை தொளதொளவென்று ஆட, பிஸ்தா இன்னும் குதிரையோடு ஓடிக்கொண்டே கேட்கிறது:

"இன்னிக்காவது ஞாபகம் வந்துச்சா அண்ணே?"