கும்பிடு தெரியும் ஜன்னல்

"ஜன்னலுக்குக் கனமான மூங்கில் தட்டியே கட்டிடலாம். வெயிலும் வராது, வெளியிலிருந்து பார்க்கவும் முடியாது," என்றாள் பட்டம்மாள்.

"மெல்லிசே போதும்," என்றார் கணவர் சதாசிவம், அதிகாரிக் குரலில். "சுரங்கத்துக்குப் போற ஜனங்க தினமும் என்னைப் பார்த்துக் கும்பிட்டுட்டுப் போறாங்க. மரியாதையை மறைக்கக் கூடாது."

தட்டி கட்ட வந்து ஜன்னலை அளவெடுத்துக்கொண்டிருந்த உள்ளூர்க்காரன் கொளஞ்சியப்பன் தயங்கினான்.

"அது உங்களுக்கு இல்லீங்க. ஜன்னலுக்கு எதிர்ல எங்க முனியப்பன் குடியிருந்த வேப்பமரம் நின்னுதுங்க. மரம் போனாலும் ஜனங்க அந்த எடத்தைக் கும்பிட்டுகினு போறாங்க. வெட்டச் சொன்ன பாவி யாரோ, தெரியலீங்க."

வீட்டுக்கு வெளிச்சம் வேண்டுமென்று போன மாதம் மரத்தை வெட்டச் சொன்னவரைப் பட்டம்மாள் திரும்பிப் பார்த்தாள்.

"கனமான தட்டியே கட்டுப்பா," என்றார் சதாசிவம், நாற்காலியைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டே.