படுக்கையறையில் பாலைவனம்

"சீ! இதுக்குப் பேரு மலையா?"

வாடகைக்குப் பார்க்க வந்த வீட்டின் படுக்கையறை வாசலிலேயே நின்றுவிட்டார் அவர். எதிர்ச்சுவர் முழுக்கப் பாலைவனம். கவிழ்த்து வைத்த பக்கெட்டுகள் மாதிரி வரிசையாக மலைகள், அவற்றுக்கு மேல் பொரித்த முட்டையாய் ஒரு சூரியன், கீழே வாந்தி நிறத்தில் மணல், அங்கங்கே கள்ளிச்செடிகள். ஓரத்தில் பெயிண்டர் குத்துக்காலிட்டு உட்கார்ந்து இன்னொரு மலையை எழுப்பிக்கொண்டிருந்தார். காவி, மஞ்சள், பழுப்பு என்று மூன்று டப்பாக்கள் அவர் காலடியில் திறந்து கிடந்தன.

அச்சகத்தில் புரூஃப் பார்க்கிறவருக்கு எதிலும் பிழைதான் முதலில் கண்ணில் படும். இந்த வீட்டில் தேட வேண்டிய சிரமமே இல்லை. பாத்ரூம் ஜல்லடையில் முன்னால் குடியிருந்தவர்களின் தலைமுடி உருண்டையாகச் சுருண்டிருந்தது. சமையல் மேடையில் வைத்த கை பிசுக்கென்று ஒட்டிக்கொண்டது. போதாக்குறைக்கு வீடு முழுக்க ரோஜா வாசனை ஸ்ப்ரே மூக்கைத் துளைத்தது.

"எனக்குக் குமட்டுது. வேற வீடு பாக்கலாம், வா" என்று மனைவியின் காதைக் கடித்தார்.

"இன்னும் எத்தனை வீடுங்க ஏறி இறங்கறது? எங்க போனாலும் ஓதம்." அதைச் சொல்லி முடிப்பதற்குள் அவளுக்கு மூச்சு இழுத்தது. கதவைப் பிடித்துக்கொண்டாள்.

அவர் அவளைத் தாங்கிக்கொண்டார். 'ஈரம் இல்லாத வீடாப் பாருங்க. இன்னொரு மழைக்காலம் ஓதச் சுவரோட படுத்தாங்கன்னா, அவங்க நெஞ்சு தாங்காது' என்று டாக்டர் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். அவள் இல்லாத வீடு எப்பேர்ப்பட்ட வீடாக இருந்து என்ன?

அருவருப்பை விழுங்கிக்கொண்டு, ஹாலில் ஆரம்பித்து ஒவ்வொரு சுவராக உள்ளங்கையை அழுத்திப் பார்த்தார். எல்லாம் காய்ந்துதான் இருந்தன. படுக்கையறைச் சுவரை நெருங்கும்போது, வீட்டைக் காட்டிக்கொண்டு கூடவே வந்த வீட்டுக்காரம்மா அலறினார்.

"தொட்டுடாதீங்க சார், பெயிண்ட் காயல! மத்ததெல்லாம் பாத்தீங்கல்ல, சருகா இருக்கு."

"இந்தக் கண்றாவிய அழிச்சிட்டு வெள்ளை அடிச்சுக் குடுங்க."

"ஐயோ, ஆசை ஆசையா வரையச் சொன்னது சார். வர்றவங்க எல்லாம் போட்டோ எடுத்துக்கறாங்க. உங்களுக்கும் பழகிடும்."

"எனக்குப் பிடிச்சிருக்கு" என்றாள் மனைவி. "பாலைவனத்தப் பாத்துக்கிட்டே தூங்கினா மழையே ஞாபகத்துக்கு வராது."

வெகுநாளைக்குப் பிறகு அவள் சிரிப்பதைப் பார்த்தார். அதற்கு மேல் முறுக்கிக்கொண்டு நிற்க மனசு வரவில்லை.

"சரிம்மா. சாவியக் குடுங்க" என்றார்.

வீட்டுக்காரம்மா சாவியை எடுத்துவர மாடிப்படியில் ஏறக்குறைய ஓடினார். கட்டில் எங்கே, அலமாரி எங்கே என்று மனைவி அதற்குள் குடித்தனமே நடத்த ஆரம்பித்துவிட்டாள்.

"தலைமாட்ட இந்தக் கள்ளிகிட்ட போட்டுக்கலாங்க. இங்க வந்து பாருங்களேன், வெல்வெட் மாதிரி இருக்கு!" சுவரோரம் மண்டியிட்டு, மூக்கு உரசுகிற தூரத்தில் முகத்தை வைத்து ரசித்துக்கொண்டிருந்தாள்.

வேண்டாவெறுப்பாகக் குனிந்தவர் அசந்துபோனார். மலை, சூரியன், மணல் எல்லாம் குப்பை. ஆனால் கள்ளி? தரையோரத்திலிருந்து கிளைவிட்டு, ஒன்றைப்போல் இன்னொன்று இல்லாமல், நுனி வரைக்கும் மெல்லிய ரோமம் சிலிர்த்து நின்றது. எத்தனை பிழை பிடித்தாலும், சரியாக இருப்பதைச் சரி என்று ஒப்புக்கொள்ளாவிட்டால் அவருக்குத் தூக்கம் வராது.

"பெயிண்டரே, கோவிச்சுக்காதீங்க. உங்க மலையப் பாத்தா வயித்தப் பெரட்டுது. ஆனா இந்தக் கள்ளி அச்சு அசல்! எப்படிங்க வரைஞ்சீங்க?"

பெயிண்டர் பிரஷ்ஷைக் கீழே வைத்துவிட்டுக் கூச்சத்தோடு நெளிந்தார்.

"மலை மட்டும்தான் சார் நான் வரைஞ்சது, கள்ளி எல்லாம் போன மழையில வந்த பூசணம்."