ஊசி வேண்டாத மனிதர்

"பெயின்?" தன் விலாவைத் தொட்டுக் காட்டிக் கேட்டாள் டொக்டர் ஹன்சனி.

"நோ," என்றார் தங்கத்துரை. "நோ, டொக்டர். நோ."

அவளுக்கு நிம்மதி. கல்லடைப்பென்று காலையில் இலங்கைத்துறையிலிருந்து தனியாக பஸ்ஸேறி வந்த மனிதர். பின்பக்கம் வைத்த குளிசையே கேட்டுவிட்டது. ஊசி வேண்டாம், அதற்கும் அடங்காவிட்டால் கொடுக்க நினைத்த மோர்ஃபின் வேண்டவே வேண்டாம்.

பிறகு ஏன் கண் கலங்கியிருக்கிறது?

மற்றக் கட்டில்களைச் சுற்றிச் சோத்துப் பார்சலும் சிரிப்புமாகச் சொந்தக்காரர். இவரைப் பார்க்க ஒருவருமில்லை. ஹன்சனிக்கு விளங்கிவிட்டது. மாத்தறையிலிருந்து மாற்றலாகி வந்த நாள்முதல் அவளும் குவாட்டர்ஸில் இப்படித்தான் சுவரைப் பார்த்தபடி படுத்துக் கிடக்கிறாள். இதற்கு மருந்து கிடையாது.

கதிரையை இழுத்துப்போட்டுப் பக்கத்தில் இருந்தாள். அவருக்கு வியர்த்துக் கொட்டியது, ஃபேனைத் திருப்பிவிட்டாள். யன்னலுக்கு வெளியே துறைமுகத்தில் ஒரு கப்பல் அசையாமல் நின்றது. போனை எடுத்துத் தன் ஊர்க் கடலைக் காட்டினாள், அம்மாவைக் காட்டினாள். சிங்களத்தில் என்னென்னவோ சொன்னாள். கட்டில் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டு அவர் தலையாட்டினார்.

ஒருவரோடு இப்படிக் கதைத்து எவ்வளவு காலம்! குரல் உடைந்து, கண்ணைத் துடைத்தாள்.

"நோ?" என்றார் அவர், மெல்ல.

அழாதே என்கிறார். "நோ, நோ," என்று சிரிக்கப் பார்த்தாள்.

சாப்பிடப் போயிருந்த தாதி ஸுல்பிகா திரும்பி வந்தாள். "என்ன ஐயா, இப்ப எப்பிடி?"

"நோ தாங்க ஏலாமக் கிடக்குது, மிஸ்."

ஸுல்பிகா சிங்களத்துக்கு மாறினாள். "டொக்டர், இவருக்கு ஊசி போடேல்லையா?"

"அவர்தானே 'நோ' எண்டு சொன்னவர்!"

"யா அல்லாஹ்! தமிழில நோ எண்டால் பெயின், டொக்டர்."

ஹன்சனி துள்ளி எழுந்தாள். ஓடிப்போய்த் தானே ஊசியைக் கொண்டுவந்து போட்டாள். மன்னிப்புக் கேட்கக்கூட அவளிடம் தமிழ் இல்லை. கட்டிலருகிலேயே நின்றாள்.

கொஞ்சம் கொஞ்சமாக அவர் கை கம்பியை விட்டது. மூச்சு சீரானதும் ஸுல்பிகாவைக் கூப்பிட்டு, ஹன்சனியைப் பார்த்துக்கொண்டே ஏதோ கேட்டார்.

"என்னவாம்? ஏசுறாரா?"

இல்லையென்று ஸுல்பிகா தலையாட்டினாள்.

"நீங்களும் நோ எண்டனீங்களாம், டொக்டர். எங்க நோகுது எண்டு கேக்கிறார்."